பருவம் தப்பிய நாட்டுத் தக்காளி

ஆனி மாதத்தில் காய்கறிக் கடைக்குச் செல்பவர் தக்காளியில் இரண்டு குவியல்களைக் காண்பார். ஒன்று உருண்டு திரண்டு, ஒரே அளவாய், ஒரே சிவப்பாய், கையால் அழுத்தினாலும் குழியாத கெட்டியாய் இருக்கும். சேலத்துப் பக்கத்தில் இதனை ஆப்பிள் தக்காளி என்பர்; சென்னைக் கோயம்பேட்டில் பெங்களூர்த் தக்காளி என்றும் நவீன் தக்காளி என்றும் வழங்குவர். மற்றொன்று தட்டையாய், மடிப்பு மடிப்பாய், காம்படியில் பச்சையோ மஞ்சளோ படர்ந்து, சிற்சில இடங்களில் வெடித்தும் இருக்கும். இதுவே நாட்டுத் தக்காளி எனப்படுவது. தை, மாசி மாதங்களில் இந்த இரண்டாவது குவியலை ஏறெடுத்தும் பாராதவர்கள், பருவம் தப்பி விலை ஏறிய காலத்தில் அதையே தேடி வருகின்றனர். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிச் சென்று ரசம் வைத்துப் பார்த்துவிட்டு, "பழைய ருசி எங்கே போயிற்று?" என்று குறைபட்டுக்கொள்கின்றனர்.

அந்தக் குறை நியாயமானதே. ஆனால் அதன் காரணம் விதையில் மட்டும் இல்லை. பருவம் தப்பிய காலத்தில் நாட்டுத் தக்காளி வாங்குவோர் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைக் கண்டு விலக வேண்டும் என்பதை இன்று நேயர்களோடு ஆராய விரும்புகிறேன். இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம் சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டைச் சார்ந்த வாழவந்தி என்னும் ஊர்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தக்காளி நம் நாட்டுப் பயிர் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சாரல் அதன் தாயகம். அதைப் பேணி வளர்த்துப் பெருங்கனியாக்கியவர்கள் மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர். டொமாட்டோ என்னும் சொல்லும் அவர்களுடைய நாவாட்டில் மொழியில் பிறந்ததே. 16ஆம் நூற்றாண்டு தொடங்கி இந்தியக் கரையை நாடி வந்த ஐரோப்பியக் கப்பல்களின் வழியே அது இங்கு வந்து சேர்ந்தது. தக்காளி என்ற சொல் மட்டும் தமிழில் முன்பே இருந்தது. வேலியோரத்தில் மெல்லிய உறைக்குள் காய்க்கும் ஒரு சிறு பழத்தை அது குறித்தது. நம் வீட்டு மணத்தக்காளியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே புதிதாய் வந்த பெரிய பழத்தை நம் முன்னோர் சீமைத் தக்காளி என்று அழைத்தனர். அந்தச் சீமைத் தக்காளிதான் நாளடைவில் நாட்டுத் தக்காளி ஆயிற்று.

எவ்வாறு ஆயிற்று? விதை காத்தவர்களால் ஆயிற்று. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்புடையது. தாயைப் போலப் பிள்ளை என்னும் பழமொழி இச்செடிக்கு நன்கு பொருந்தும். குடியானவர் ஒருவர் தம் கொல்லையில் நன்றாய்க் காய்த்த செடியின் பழத்தைப் பிழிந்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, அடுத்த ஆண்டு விதைக்கிறார். அவருக்குப் பின் அவர் மகளும் மருமகளும் அதையே செய்கின்றனர். பல தலைமுறை இவ்வாறு நடந்தால், அந்த மண்ணுக்கும் அந்த மழைக்கும் அந்த வீட்டாரின் நாவுக்கும் இசைந்த ஓர் இனம் தோன்றிவிடுகிறது. மேலைநாட்டார் இத்தகைய இனங்களைக் குலச்சொத்து என்று பொருள்படும் பெயரால் போற்றுகின்றனர். கலப்பின விதை இதற்கு மாறானது. தேர்ந்தெடுத்த இரு பெற்றோரைக் கலந்து உண்டாக்கிய அது முதல் தலைமுறையில் அமோகமாய் விளையும். அதன் பழத்திலிருந்து விதை எடுத்து ஊன்றினால் ஒரு செடி போல் மறு செடி இராது. ஆதலால் ஒவ்வொரு முறையும் புது விதை வாங்கவேண்டும்.

நாட்டினங்களின் பெருமையை நம் தமிழகத்து எடுத்துக்காட்டு ஒன்றாலேயே விளக்கலாம். தேனிக்கு அருகே அன்னஞ்சி என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பெயராலேயே வழங்கிய ஓர் உள்ளூர்த் தக்காளியை எடுத்துக்கொண்டு, அதில் திடீர் மாற்றத்தைத் தூண்டி, பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் பி.கே.எம். 1 என்னும் வகையை உருவாக்கினர். தட்டையான உருண்டை வடிவமும், பழுக்குமுன் தோளில் தெரியும் பச்சையும் அதன் அடையாளங்கள். அது கலப்பினம் அன்று. விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடெங்கும் பரவிய அந்த வகைக்கு வேர், பெயர் தெரியாத குடியானவர்கள் அன்னஞ்சியில் காத்து வைத்த விதை. அவர்கள் அதைக் கைவிட்டிருந்தால் அறிவியலாருக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இருந்திராது.

இனிப் பருவத்திற்கு வருவோம். தக்காளி வெயிலை விரும்பும் செடி என்று எண்ணுவோர் பலர். செடி வெயிலைத் தாங்கும், பூ தாங்காது. பகலில் 35 செல்சியஸ் பாகைக்கு மேலும் இரவில் 24 பாகைக்கு மேலும் வெப்பம் நிலைத்துவிட்டால் மகரந்தம் வலுவிழக்கிறது. பூக்கள் பிஞ்சு பிடியாமல் உதிர்கின்றன. சேலத்துச் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் நிலைமை இதுவே. பூ பிஞ்சாகிப் பழமாவதற்கு ஏறத்தாழ 45 நாட்கள் ஆகும். எனவே சித்திரையில் உதிர்ந்த பூவின் இழப்பு ஆனியில்தான் கடைக்கு வந்து சேருகிறது. "இப்போதுதான் வெயில் தணிந்துவிட்டதே, தக்காளி ஏன் விலை ஏறுகிறது?" என்று இல்லத்தரசியர் கேட்பதற்கு விடை இந்த 45 நாள் கணக்கில் இருக்கிறது.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதையும், தமிழ்நாடு அரசு சென்னை நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க முற்பட்டதையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மற்றொரு பஞ்ச காலமும் உண்டு. அது மழையால் வருவது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் வயல்கள் நீரில் மூழ்கி, வரத்துக் குறைந்து, அப்போதும் சென்னையில் விலை 100 ரூபாயைக் கடந்தது. ஆக, சமவெளியில் தக்காளிக்குப் பகை இரண்டு: ஒன்று கோடை, மற்றொன்று அடைமழை.

ஆனால் பருவம் நாட்காட்டியில் மட்டும் இல்லை. நிலத்தின் உயரத்திலும் இருக்கிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பது பொது விதி. சேலத்தில் 38 பாகை கொதிக்கும் நாளில் ஏற்காட்டில் 30 பாகையை ஒட்டியே இருக்கும். இரவில் 20 பாகைக்குக் கீழே இறங்கும். தக்காளிப் பூ விரும்பும் அளவு இதுவே. சுமார் 30 கிலோமீட்டர் சாலையில், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுகிறவர் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு மட்டும் செல்லவில்லை. ஒரு பருவத்திலிருந்து மற்றொரு பருவத்திற்கும் செல்கிறார்.

வாழவந்தி அந்த மற்றொரு பருவத்து ஊர்களில் ஒன்று. இம்மலையின் பழங்குடி மக்களான மலையாளிகள் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். சாமையும் கேழ்வரகும் தினையும் அவர்களுடைய பழைய பயிர்கள். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இன்று காப்பியும் மிளகும் ஆரஞ்சும் மலையெங்கும் காணப்படுகின்றன. அயலகச் செடியை வரவேற்றுத் தனதாக்கிக்கொள்வது சேர்வராயனுக்குப் புதிதன்று.

தக்காளி இங்கே பெரும்பயிர் அன்று. அவ்வூர்ப் பக்கம் நான் சென்றிருந்தபோது கடைகளில் கண்ட தக்காளி பெரும்பாலும் சேலத்திலிருந்து வண்டியேறி வந்ததாகவே இருந்தது. நாட்டுத் தக்காளியை வீட்டுக் கொல்லையில்தான் கண்டேன். அவரைப் பந்தலுக்கு அருகே நாலைந்து செடிகள், முட்டுக் கொடுத்த குச்சியில் சாய்ந்து நின்றன. அந்த வீட்டு மூதாட்டியிடம், "ஆயா, இது எந்த மாதம் நன்றாக இருக்கும்?" என்று கேட்டேன். "மழைக்கு முந்திப் பழுத்தாத்தானுங்க பழம்; மழையில பழுத்தது தண்ணிங்க" என்றார். தோட்டக்கலை நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அவர் கூறியதன் பொருளைச் சற்று விரித்துக் கூறுகிறேன். மலையில் தை மாதத்தில் விதைத்தால் சித்திரை, வைகாசியில் காய் பிடித்து, மழை வலுக்குமுன் பழம் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால், இலையையும் காயையும் ஒருசேரக் கருக்கும் நோய் பரவுகிறது. 1840களில் அயர்லாந்து நாட்டின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை விளைவித்ததும் இதே நோய்தான்; உருளையும் தக்காளியும் ஒரே குடும்பம் அல்லவா? நோய்க்குத் தப்பிய பழமும் வேரில் திடீரென்று பெருகிய நீரை ஏற்று வெடிக்கும். அதன் இனிப்பும் புளிப்பும் நீர்த்துப்போகும். மார்கழி, தை இரவுகளிலோ குளிர் 13 பாகை அளவுக்கு இறங்குவதால் மீண்டும் பூ பிஞ்சாவது தடைப்படும். ஆக, மலைக்கும் பருவம் உண்டு. பருவமில்லாக் காலமும் உண்டு. சமவெளியின் பருவம் முடியும் இடத்தில் மலையின் பருவம் தொடங்குகிறது என்பதே நாம் பெறும் நன்மை.

அடுத்து, சுவை எதனால் அமைகிறது என்று பார்ப்போம். சர்க்கரை, புளிப்பு, மணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தக்காளியின் சுவை. காயின் தோளில் காணும் கரும்பச்சை ஒரு குறைபாடு என்று கருதி, ஒரே சீராய் வெளுத்துப் பழுக்கும் இனங்களை உலகெங்கும் பல ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அந்தப் பச்சை வீணானதன்று என்று காட்டியது. காயிலேயே சர்க்கரையை ஆக்கும் பச்சையம் அங்கேதான் செறிந்திருக்கிறது. அழகுக்காகப் பச்சையை நீக்கியபோது இனிப்பில் ஒரு பகுதியும் உடன் போயிற்று. நாட்டுத் தக்காளியின் தோள்பச்சை அதன் குறை அன்று, அதன் சேமிப்பு.

மணத்தின் கதை இன்னும் நுட்பமானது. பழத்தை 5 பாகைக் குளிரில் 7 நாட்கள் வைத்தால், மணப்பொருள்களை உண்டாக்கும் மரபுக்கூறுகள் அடங்கிவிடுகின்றன என்றும், பின்னர் வெளியே எடுத்து வைத்தாலும் அவை முழுமையாக விழித்தெழுவதில்லை என்றும் 2016ஆம் ஆண்டில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் தெரிவித்தனர். உயர்ந்த விலைக்கு வாங்கிய நாட்டுத் தக்காளியைக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் பூட்டி வைப்பவர் அதன் நாட்டுத் தன்மையைத் தாமே போக்கிவிடுகிறார் என்றே சொல்ல வேண்டும். நிறமும் பருவத்துக்குக் கட்டுப்பட்டதே. வெப்பம் 30 பாகையைக் கடந்தால் சிவப்பு நிறப்பொருள் நன்கு ஊறுவதில்லை. மஞ்சள் நிறப்பொருள் மட்டும் ஊறும். கோடைத் தக்காளி செங்காவியாய் மங்கி நிற்பது இதனால்தான்.

இவற்றையெல்லாம் நினைவில் கொண்டு கடைக்குச் செல்வோம். பருவம் தப்பிய காலத்தில் கடைக்காரரிடம் "நாட்டுத் தக்காளியா?" என்று மட்டும் கேட்டுப் பயனில்லை, ஆம் என்ற விடைதான் வரும். நாட்டுத் தக்காளி என்று விற்கப்படுவதெல்லாம் வழிவழி காத்த விதையில் விளைந்தது அன்று. "எந்த ஊர்ப் பழம்? எப்போது பறித்தது?" என்று கேட்க வேண்டும். மெல்லிய தோலுள்ள நாட்டுப் பழம் பழுத்தபின் இரண்டு மூன்று நாட்களே தாங்கும். நெடுந்தூரம் பயணம் செய்து, பல நாள் கழித்தும் தளராமல் இருக்கிறது என்றால், அது வேறு இனமாய் இருக்க வேண்டும். அல்லது பிஞ்சுப் பருவத்தில் பறித்ததாய் இருக்க வேண்டும்.

பிஞ்சில் பறித்ததை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு பழத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். முற்றிய பின் பறித்த பழத்தில் விதையைச் சுற்றி வழவழப்பான கூழ் நிறைந்திருக்கும். கத்தி பட்டால் விதை வழுக்கி விலகும். முற்றாததில் கத்தி விதையையே அறுத்துக்கொண்டு போகும். அந்தப் பழம் எத்தனை சிவந்தாலும் சுவை ஏறாது. காம்படி வெடிப்பு உலர்ந்திருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை; ஈரம் கசிந்தாலோ பூசணம் பிடித்தாலோ தவிர்க்க வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்கு மேற்பட்ட கனம் தெரிய வேண்டும். நிறம் திரும்பத் தொடங்கிய பதத்தில் பறித்த பழம் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். வீட்டில் நிழலான இடத்தில், காம்பு கீழ்நோக்கும்படி பரப்பி வைத்தால் நன்றாகப் பழுக்கும். விரைவில் பழுக்க வேண்டுமானால் ஒரு பழுத்த வாழைப்பழத்தை உடன் வையுங்கள். அது வெளியிடும் எத்திலீன் வாயுவே போதும். கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்கவைப்பது இந்தியாவில் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நல்ல பழம் கிடைக்கவில்லையெனில் என்ன செய்வது? வாங்காமலிருப்பதும் ஒரு வழியே. தக்காளி நம் நாட்டுக்கு வருமுன்பும் ரசம் கொதித்தது. புளியும் எலுமிச்சையும் மாங்காயும் புளிப்புக்குத் துணை நின்றன. மற்றொரு வழி, பருவத்திலேயே சேமிப்பது. மாசி, பங்குனி வெயிலில் நாட்டுத் தக்காளியைப் பிளந்து, உப்புத் தூவி, மூன்று நான்கு நாள் காயவைத்தால் வற்றலாகும். தக்காளியில் 94 விழுக்காடு நீர். ஒரு கிலோ பழத்தில் நீர் போக எஞ்சுவது சுமார் 60 கிராம்தான். ஆயினும் பழத்தின் புளிப்பும் இனிப்பும் அந்த 60 கிராமில் செறிந்திருக்கின்றன. ஆனி மாதக் குழம்பில் நாலு வற்றலைக் கிள்ளிப் போட்டவருக்கு அந்த மாதத்து விலைப்பட்டியல் அச்சம் தராது.

இங்கே நான் வற்புறுத்த விரும்பும் செய்தி ஒன்று உண்டு. மாசி மாதத்தில் வரத்துப் பெருகி விலை வீழும்போது, பறிகூலிக்கும் கட்டாமல் உழவர்கள் பழத்தைச் சாலையோரத்தில் கொட்டுகின்றனர். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்பார்கள். தக்காளிக்கோ கடைத்தெருவிலும் இடமில்லாமல் போகிறது. அவ்வேளையில் முதலில் ஒதுக்கப்படுவது நாட்டுப் பழமே. வெடித்தது, கோணலானது, நாளைக்குத் தாங்காதது என்று நாம் அதை ஒதுக்குகிறோம். கெட்டிப் பழமே விலைபோவதைக் கண்ட உழவர் அடுத்த பட்டத்தில் கலப்பின விதையை வாங்குகிறார். அவரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. இவ்வாறு பல ஆண்டுகள் சென்றால், சாம்பலில் காய்ந்து பானையில் இருந்த பழைய விதை முளைப்புத் திறனை இழந்துவிடுகிறது. நெல் விதையோ தக்காளி விதையோ, ஆண்டுகள் கடந்தும் தானே காத்துக்கொள்ளாது. மண்ணில் போட்டு எடுத்தால்தான் உயிர் வாழும். பின்னர் ஆனி மாதத்தில் நாம் எத்தனை ரூபாய் நீட்டினாலும் அந்த இனம் திரும்பி வாராது.

விதை காக்கும் உரிமை உழவருக்குச் சட்டத்திலும் உண்டு. 2001ஆம் ஆண்டுப் பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விளைவித்த விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பிறரோடு பரிமாறவும் உழவருக்கு உரிமை அளிக்கிறது. செய்முறையும் கடினமன்று. நோயில்லாத செடியில் நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, கூழோடு ஒரு நாள் அல்லது இரண்டு நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்தினால் விதை ஆயத்தம். நகரத்து மாடியில் இரண்டு தொட்டி வைத்திருப்பவரும் இதைச் செய்யலாம். உரிமையும் முறையும் இருந்தாலும், விளைந்ததை வாங்க ஆள் இல்லையெனில் அவை ஏட்டோடு நின்றுவிடும்.

ஆதலால், நேயர்களே, பருவம் தப்பிய காலத்தில் நாட்டுத் தக்காளியைத் தேடுவோர் ஊரையும் நாளையும் கேட்டு வாங்குங்கள். மலையில் மழைக்கு முன் பழுத்தது கிடைத்தால் உரிய விலை கொடுத்து வாங்குங்கள். அதைக் காட்டிலும் முக்கியமாக, தை, மாசியில் அது மலிந்து கிடக்கும்போது, வெடித்த பழத்தையும் கோணல் பழத்தையும் ஒதுக்காமல் கூடையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி மாதத்து நாட்டுத் தக்காளி பிழைத்திருக்குமா இல்லையா என்பது மாசி மாதத்துக் கடைத்தெருவில்தான் முடிவாகிறது.